பதினேழாவது பெயர்

புழல், பெண்கள் சிறை
14 டிசம்பர் 2024

மாமா,

இல்லை, சுத்தியல் என்னுடையது அல்ல. எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். ஸ்டேஷனில் கேட்டார்கள், மாஜிஸ்திரேட் கேட்டார், இங்கே என் பக்கத்தில் படுக்கும் பெண்கூடக் கேட்டாள். கல்தச்சருடையது அது. நினைவுச்சின்னத்தின் பின்பக்கம், தார்ப்பாய்க்குக் கீழே, உளியோடு கிடந்தது. கைப்பிடியில் சிவப்புத் துணி சுற்றியிருந்தது. நான் வெறுங்கையோடுதான் அந்தப் பூங்காவுக்கு வந்தேன். பெயரைப் பார்த்துவிட்டுப் போயிருப்பேன்.

நீங்கள் அங்கே இருந்தீர்கள்.

வெள்ளைச் சட்டை. தலை வாரியிருந்தீர்கள். திறப்பு விழா முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு, கல்லுக்கு முன்னால் தனியாக நின்று, பதினேழாவது பெயரை விரலால் தடவினீர்கள். சுப்புராயன், சலவைத் தொழிலாளி. எழுபத்தொன்று டிசம்பர் யுத்தத்தில், தண்ணீருக்குள் மறைந்து வந்து அடித்த எதிரி நீர்மூழ்கியால் கப்பலோடு மூழ்கிப்போன இந்த ஊர்க்காரர்கள் பதினேழு பேர். அதில் கடைசி ஆள்.

உங்கள் பெயர் அதில் இருந்தது எனக்கு ஆச்சரியம் இல்லை. கப்பலைத் தவறவிட்டவர், கப்பலில் ஏறும் பாஸ் உங்கள் பெயரில் இருந்ததால் செத்தவர் என்று எழுதப்பட்டவர், பயந்துபோய் முனுசாமி என்று பெயரை மாற்றிக்கொண்டு வாழ்பவர். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கல்யாண வீடுகளில் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை.

ஆனால் விழா மலரின் மெய்ப்பைப் பார்த்தவள் நான். அது உங்களுக்குத் தெரியாது. தி.நகரில் நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்குத்தான் வந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு சட்டையின் படம். தப்பித்த அதிகாரி ஒருவர் அன்று போட்டிருந்தது. காலரின் உள்பக்கம் சேங்கொட்டை மையில் சலவைக் குறி. மேலே சட்டைக்காரரின் எண். கீழே, துவைத்தவன் குறி. மூன்று புள்ளி, குறுக்கே ஒரு கோடு.

உங்கள் குறி பெருக்கல். மூன்று புள்ளியும் கோடும் அம்மாவின் தலையணை உறையில் இருக்கிறது. கல்யாணமான புதிதில் அய்யாதுரை விளையாட்டாகப் போட்டது. அய்யாதுரை, என் அப்பா. நான் பிறக்கும் முன்பே பம்பாய்க்கு வேலைக்குப் போகிறேன் என்று ஓடிப்போனவர்.

அவர் ஓடிப்போகவில்லை.

போன வருடம் ஐப்பசியில் அம்மா செத்தபோது பிறந்த வீட்டுக் கோடிப் புடவை நீங்கள் கொண்டுவந்தீர்கள். சிவப்பு. புருஷன் எங்கோ உயிரோடு இருக்கிறான், அதனால் சுமங்கலி. மஞ்சள் பூசினார்கள், பூ வைத்தார்கள். ஐம்பத்திரண்டு வருடம் அவள் ஓர் ஓடுகாலிக்காகப் பொட்டு வைத்தாள். தெருவில் அவளைச் சொன்னதெல்லாம் உங்கள் காதிலும் விழுந்தது. எல்லாம் தெரிந்து, கடையில் நின்று, சிவப்பைக் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள்.

முதல் அடி கல்லில் விழுந்தது. முதல் எழுத்து தெறித்தது. இரண்டாவதுக்கு ஓங்கினேன். நீங்கள் கையை வைத்தீர்கள். வலது கை. விரித்து, பெயரின் மேல்.

வக்கீலிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நிறுத்த எனக்கு நேரம் இருந்தது. கையைப் பார்த்தேன். அடித்தேன். இன்னொரு முறையும் அடித்தேன்.

கல்லைப் புதிதாக வெட்டப்போகிறார்கள். பிப்ரவரி ஒன்றாம் தேதி நினைவுச்சின்னக் குழுவின் கூட்டத்தில் பட்டியலை முடிவு செய்கிறார்களாம். அதற்குள் எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். உங்கள் பாஸில் என் அப்பாவை அனுப்பினீர்களா?

அன்புக்கரசி


வண்ணாந்துறை, பெசன்ட் நகர்
26 டிசம்பர் 2024

அன்புக்கரசிக்கு,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணிக்கொண்டு போகிறது. அஞ்சாவது வரை படித்ததெல்லாம் வலது கைதான்.

நடுவிரலை எடுத்துவிட்டார்கள். சர்க்கரை இருக்கிறது, ஆறாது என்றார்கள். மற்ற இரண்டில் கம்பி. வலி இருக்கும்போது பல்லைக் கடிக்கிறேன், பல்லும் நாலுதான் இருக்கிறது.

இடது கையில் நகம் வளர்ந்து காகிதத்தைக் கீறுகிறது. இடது கை நகத்தை வலது கைதான் வெட்ட வேண்டும். சுத்தியலைத் தூக்கும்போது இதெல்லாம் ஞாபகம் வராது. பக்கத்து வீட்டு சகினா சோறு கொடுக்கிறாள். நகத்தையும் வெட்டிவிடு என்று கேட்க வெட்கமாக இருக்கிறது.

உன் அப்பன் ஓடிப்போனான். அதுதான் பதில். மூன்று புள்ளி என்ன அவன் பரம்பரைச் சொத்தா? யார் வேண்டுமானாலும் வைக்கலாம். நானே வைத்திருப்பேன். கப்பலில் ஒரு குறி, ஊரில் ஒரு குறி.

உன் அம்மாவின் கை அப்படியே உனக்கு. நீ வயிற்றில் இருந்தபோது அருவாமனையோடு வந்தாள். என் தோளில் ஆறு தையல். கன்னியம்மாவுக்குப் பிறந்தது சும்மா இருக்குமா?

போலீஸ்காரர் வந்தார். பெயர் கேட்டார், முனுசாமி என்றேன். "இன்னா பெரியவரே, இன்னா நடந்துச்சு?" என்றார். வழுக்கி விழுந்தேன் என்றேன்.

"சுத்தியல் மேலயா?"

"ஆமா நைனா. சுத்தியல் மேல."

"ரெண்டு வாட்டியா?"

"எழுந்தேன், திரும்ப விழுந்தேன்."

சிரித்துக்கொண்டே எழுதினார். நீ கல்லை உடைத்தது உன் பாடு. கையை உடைத்தது எழுத்தில் இல்லை.

இனிமேல் எழுதாதே. எழுதினால் பதில் எழுத எனக்கு இரண்டு நாள் ஆகிறது.

சுப்பு மாமா


மேற்கு மாம்பலம்
5 ஜனவரி 2025

மாமா,

ஜாமீனில் வந்துவிட்டேன். கல்லுக்கு மட்டும் வழக்கு. உங்கள் கைக்கு இல்லை. அதற்கு நன்றி சொல்ல வரவில்லை. எழுந்து திரும்ப விழுந்ததாகச் சொன்ன ஆள்தான், புள்ளியைத் தானே வைத்ததாகவும் சொல்கிறார்.

நேற்று அபிராமபுரம் போனேன். சட்டைக்காரரைப் பார்க்க. விஜயராகவன் என்று பெயர். அன்று இருபத்து நாலு வயது அதிகாரி. இப்போது கண்ணாடி, கைத்தடி, இரண்டாவது மாடி. கல்லை உடைத்தவள் நான்தான் என்றேன். கதவைச் சாத்துவார் என்று நினைத்தேன். "உக்காருங்கோ" என்றார்.

தலையணை உறையைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். உங்கள் சலவைக்காரர் எப்படி இருப்பார் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அன்னிக்கு சாயங்காலம் சட்டை வாங்கிக்கலாம்னு கீழே போனேன். தேய்ச்சுண்டு இருந்தான். ஒரு கண்ணு பாதிதான் திறந்திருந்தது. உதட்டுல தையல் போட வேண்டிய காயம். யாருடா அடிச்சான்னு கேட்டேன். சிரிச்சுண்டே, 'மச்சான் செஞ்ச சீர் சார்'னான்."

மாமா, அய்யாதுரைக்கு எத்தனை மச்சான்?

மீதியையும் கேளுங்கள். நீங்கள் கேட்டே ஆக வேண்டும்.

சட்டையின் சூடு ஆறுவதற்குள் கப்பல் மேல் முதல் அடி விழுந்ததாம். விளக்கு போனது. நீராவிக் குழாய் வெடித்து ஒருவன் முகத்தோல் தாடையில் தொங்க ஓடினானாம், தன் பெயரைத் தானே கூப்பிட்டுக்கொண்டு. எண்ணெய் எரிந்தது. இரண்டாவது அடியில் தளம் சாய்ந்தது. இவர் மேல்தளத்துக்குப் போகும் இரும்புக் கதவுக்குப் பக்கத்தில். தரையில் பதித்த கதவு. கீழிருந்து தண்ணீர் ஏறுகிறது. மூடச் சொல்லி உத்தரவு. மூடினால் மேலே இருப்பவர்களாவது பிழைப்பார்கள் என்று படித்திருக்கிறார். ஏணியில் ஆட்கள் இருந்தார்கள். மூடினார். கதவு முழுதாக மூடவில்லை. விளிம்பில் யாருடைய விரல்களோ. ஷூவால் மிதித்தார். மூன்று தடவை. மூன்றாவது தடவையில் மூடிக்கொண்டது.

நகக்கண்ணில் கறுப்புக் கறை இருந்ததாம். சேங்கொட்டைக் கறை. கப்பலில் வேறு யாருக்கும் அது கிடையாது.

நாலு நிமிடத்தில் கப்பலே மூழ்கிவிட்டது. மூடியது எதற்கும் உதவவில்லை.

"தினமும் கார்த்தால சுப்புராயன்னு பேர் சொல்லித்தான் மன்னிப்புக் கேக்கறேன்" என்றார். "அந்தப் பேர் தப்பா?"

தப்பு என்றேன்.

அவரை அறைய என் கை எழுந்தது. ஒரு மாதத்துக்கு ஒரு கிழவர் போதும் என்று தோன்றியது. தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு வந்தேன்.

அவருக்குத் தெரிந்தது பாஸில் இருந்த பெயர் மட்டும்தான். அவர் சொல்லை வைத்து மாற்ற மாட்டார்களாம். உயிரோடு இருக்கும் சுப்புராயன் வந்து சொல்ல வேண்டும். பிப்ரவரி ஒன்று, சனிக்கிழமை, காலை பத்து மணி, அந்தப் பூங்காவிலேயே.

அன்புக்கரசி


வண்ணாந்துறை
13 ஜனவரி 2025

அன்பு,

இன்று போகி. தெரு முழுக்கப் புகை. பாய், தலையணை, யாரோ டயரைக்கூடப் போட்டிருக்கிறார்கள். நான் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். எரிப்பதற்கு ஒன்று இருந்தது. எரிக்க முடியவில்லை. கடைசியில் சொல்கிறேன்.

விரல் சங்கதியை நீ எழுதியிருக்க வேண்டாம். எழுதிவிட்டாய். இல்லாத நடுவிரல் மூன்று நாளாக வலிக்கிறது.

நான்தான் அனுப்பினேன்.

கப்பலில் சாப்பாட்டு மேசை பார்ப்பவன் ஒருத்தன், லாரன்ஸ். நம்ம ஊர்தான், சாந்தோம். மேசை விரிப்பில் கறை போகவில்லை என்று எல்லோருக்கும் முன்னால் என் முகத்தில் எறிந்தான். நம் சாதியையும் சொன்னான். என் கையில் தேய்ப்புப்பெட்டி. அவன் முன்கையில் வைத்தேன். வைத்து அழுத்தினேன். எடுக்கும்போது தோலும் வந்தது. "அடுத்த வாட்டி நீ ஏறு, கடல்ல தள்ளி உன்ன சாவடிக்கிறேன்டா" என்று கத்தினான். அன்றைக்கே ஊருக்கு லீவில் வந்துவிட்டேன். நாலு நாள். யுத்தம் வருகிறது, உடனே திரும்பு என்று தந்தி.

எனக்கு யுத்தத்தைப் பற்றிப் பயமில்லை. லாரன்ஸைப் பற்றித்தான். பைத்தியக்காரத்தனம் என்று இப்போது தெரிகிறது.

பாஸில் இருந்த போட்டோ ஈரத்தில் கரைந்துபோயிருந்தது. எந்த முகத்துக்கும் பொருந்தும். துணி வெளுத்து வந்தால் போதும், வெளுத்தவன் மூஞ்சியைக் கப்பலில் எவனும் பார்ப்பதில்லை. அய்யாதுரைக்குத் தொழில் தெரியும். ஒரு டிரிப் போய்விட்டு வா என்றேன். மாட்டேன் என்றான். கன்னிக்கு மாசம் மூணு, மசக்கை, விட்டுப் போக முடியாது என்றான்.

அடித்தேன். ஆற்றோரம், துவைக்கிற கல்லில் வைத்து. ஈர வேட்டியை முறுக்கி முகத்தில் அடித்தேன். கழுத்தில் சுற்றித் தண்ணீரில் அமுக்கினேன். அவன் திருப்பி அடிக்கவில்லை. என்னைவிட பலசாலி, அடித்திருந்தால் நான் செத்திருப்பேன். பெண்டாட்டியின் அண்ணன் என்று நின்றான். கடைசியில் ரத்தத்தைத் துப்பிவிட்டு, "சரி மச்சான். ஒரு டிரிப்புதான?" என்றான். சட்டையில் இருந்த ரத்தத்தை அந்தக் கல்லிலேயே துவைத்து, ஈரத்தோடு போட்டுக்கொண்டான். சென்ட்ரலில் ஏற்றிவிட்டேன். கன்னியிடம் பம்பாயில் வேலை என்று சொல்லச் சொன்னான். அவள் இந்த மூஞ்சியைப் பார்த்தால் உன்னை விட மாட்டாள் மச்சான் என்றான். அதனால் பார்க்காமலே போனான்.

பிறகு கடிதாசு வந்தது. சுப்புராயன் மரணம். என் அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுகிறாள், நான் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். கடைசியில் வெளியே வந்து, கப்பலைத் தவறவிட்டேன் என்றேன். யுத்த நேரத்தில் ஆள் மாற்றி அனுப்பினால் உளவாளி, தூக்குத்தான் என்று டீக்கடையில் ஒருத்தன் பொதுவாகச் சொன்னான். யாரைப் பற்றியோ. எனக்கு அது போதுமாக இருந்தது.

நாலு மாதம் கழித்து கன்னி வந்தாள். "என் புருஷன் எங்கடா?" என்றாள். ஓடிட்டான் என்றேன். அருவாமனை அவள் கையில் எப்படி வந்தது என்று இன்னும் தெரியாது. வெட்டிவிட்டு அவளே என் தோளில் புடவையைச் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ரிக்‌ஷாவில் போகும்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் கேட்டுக்கொண்டேதான் வந்தாள்.

கல்லில் கை வைத்ததற்குக் காரணம் கேட்கிறாயோ இல்லையோ, சொல்கிறேன். பெயர் என்னுடையது, ஆனால் அங்கே இருப்பது அவன். வேறு எங்கேயும் அவனுக்கு ஒரு எழுத்துகூடக் கிடையாது. நீ அதை உடைக்கிறாய்.

பெட்டியில் இருந்தது வெள்ளைக் கோடி. கன்னி செத்த அன்றைக்குக் கடையில் இரண்டு வாங்கினேன். வெள்ளையும் சிவப்பும். ஆட்டோவில் இரண்டும் மடியில் இருந்தது. உன் வீட்டு வாசலில் இறங்கும்போது சிவப்பை எடுத்தேன்.

உனக்குச் சொல்லிவிட்டேன். கூட்டத்துக்கு வர மாட்டேன். எண்பது வயது. முனுசாமியாகவே போய்ச் சேருகிறேன். விடு.

சுப்பு


மேற்கு மாம்பலம்
19 ஜனவரி 2025

மாமா,

விட மாட்டேன்.

உங்கள் கடிதத்தை அந்தக் கூட்டத்தில் காட்டினால் வேலை முடிந்துவிடும். காட்ட மாட்டேன். ஓடிட்டான் என்று சொன்ன வாய்தான் ஓடவில்லை என்றும் சொல்ல வேண்டும்.

விழா மலரை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எத்தனையோ முறை மெய்ப்புப் பார்த்த பக்கங்கள். இருபதாம் பக்கத்தில், உயிரோடு இருக்கும் மாலுமிகளின் பட்டியல். ஆறாவதாக ஒரு பெயர். பக்கத்தில் இரண்டு வரிக் குறிப்பு. அந்தக் குறிப்பில் ஒற்றுப்பிழை ஒன்றைத் திருத்தியது ஞாபகம் இருக்கிறது. என்ன எழுதியிருந்தது என்று அன்றைக்கு நான் படிக்கவே இல்லை.

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கல்லுக்கு முன்னால் நின்றது போலத்தான். நிறுத்த நேரம் இருக்கிறது. கை தெரிகிறது.

லாரன்ஸ், சாந்தோம். "முன்கையில் ஏற்பட்ட தீப்புண் சீழ் பிடித்ததால், கப்பல் புறப்படும் முன் கரையில் இறக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அதனால் உயிர் தப்பினார்."

அவன் கப்பலில் இல்லை மாமா. நீங்கள் யாருக்குப் பயந்து என் அப்பாவைத் தண்ணீரில் அமுக்கினீர்களோ, அவன் அந்தக் கப்பலில் ஏறவே இல்லை. நீங்கள் போட்ட சூடுதான் அவனை இறக்கிவிட்டது.

சனிக்கிழமை. பத்து மணி.

அன்புக்கரசி


வண்ணாந்துறை
3 பிப்ரவரி 2025

அன்பு,

நீ வந்திருந்தாய். வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றாய். கிட்டே வரவில்லை. அதனால் அங்கே என்ன பேசினோம் என்று உனக்குக் கேட்டிருக்காது. எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்த அன்று வாசலில் உட்கார்ந்துவிட்டேன். சகினா வந்து, "இன்னா பெரியப்பா, யாருனா செத்துட்டாங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். யார் என்றாள். அன்று சோறு வேண்டாம் என்றேன். அவள் வைத்துவிட்டுத்தான் போனாள்.

சனிக்கிழமை ஆறு பேர் இருந்தார்கள். விஜயராகவன் நடுவில். நான் சுப்புராயன் என்றேன். ஒருத்தர் சிரித்தார். காகிதம் கேட்டார்கள். கார்டைக் கொடுத்தேன். முனுசாமி. பெரியவரே, வெயில் ஏறுது, வீட்டுக்குப் போங்க என்றார்கள். நியாயம்தான். ஐம்பத்து மூன்று வருடமாக ஒளித்ததை ஒரு காலையில் எப்படி எடுத்துக் காட்டுவது?

அப்போது ஓரத்தில் ஒருத்தன் எழுந்தான். வழுக்கை, பெரிய தொப்பை, கைத்தடி. கிட்டே வந்து என் முகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினான். முன்கையில் தேய்ப்புப்பெட்டியின் மூக்கு அப்படியே இருந்தது. வெள்ளையாக, பளபளவென்று.

"டேய் சுப்பு" என்றான். "நீ போட்ட சூட்டாலதான் நான் பொழைச்சேன்னு, வருசா வருசம் உனக்கு மெழுகுவத்தி ஏத்திக்கினு கீறேன்டா. கோயில்ல உன் பேருக்குப் பூசை வெக்கிறேன்டா பாவி. யாரடா அனுப்புன?"

தங்கச்சி புருஷனை என்றேன்.

கைத்தடியால் அடித்தான். முதல் அடி கழுத்தில். இரண்டாவது, உன் அம்மா வெட்டிய அதே தோளில். கீழே விழுந்தேன். வயிற்றில் உதைத்தான், எண்பது வயதுக்காரன், அவனே தடுமாறி என் மேல் விழுந்தான். இரண்டு கிழவர்கள் புழுதியில். அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான். மற்றவர்கள் பிரித்தார்கள். எனக்கு வாயில் ரத்தம். அய்யாதுரை மாதிரி துப்பினேன்.

நீ மரத்துக்குப் பின்னாலிருந்து இரண்டு அடி முன்னால் வந்தாய். அப்புறம் நின்றுவிட்டாய். பார்த்தேன்.

லாரன்ஸ் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: "இவன்தான் சுப்புராயன். எழுதிக்கோங்க. இந்தக் கையே சாட்சி." விஜயராகவன் எழுதினார். செத்தவர் பெயர் என்ன என்று கேட்டார். நான் சொன்னேன். அப்பா பெயர், ஊர், வயது இருபத்து நாலு, எல்லாம் சொன்னேன். கடைசியில் அவர் என்னிடம், "இனிமே அந்தப் பேரைச் சொல்றேன்" என்றார். எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது.

இடது கைப் பெருவிரலை மையில் அழுத்தி வைத்தார்கள். நகம் நீளம், காகிதம் கிழிந்தது. வேறு காகிதத்தில் வைத்தேன்.

கேஸ் போடுவார்களா என்று கேட்டேன். போடட்டும்.

புதுக் கல் ஈக்காட்டுத்தாங்கலில் தயாராகிறது. நடும்போது நான் வர மாட்டேன். லாரன்ஸ் தடியோடு வருவான். அது ஒரு காரணம். இன்னொன்று, இவ்வளவு நாள் செத்தவர்கள் கணக்கிலாவது ஒரு வரி எனக்கு இருந்தது. அதை எடுத்த இடத்தை நின்று பார்க்க வேண்டாம்.

நீ கேட்டது முடிந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

சுப்பு


மேற்கு மாம்பலம்
23 பிப்ரவரி 2025

மாமா,

இன்று காலை கல்லை நட்டார்கள். அதற்கு முன்னால், வெட்டும் முன், பட்டறையில் பட்டியலைச் சரிபார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். அச்சக வேலை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. பதினேழு பெயர்களையும் இரண்டு முறை படித்தேன். பதினேழாவது: அய்யாதுரை, சலவைத் தொழிலாளி. பிழை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கல்தச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் சாமான்களையெல்லாம் ஓரமாக நகர்த்தி வைத்தார். அவருடைய சுத்தியல் இன்னும் கோர்ட்டில் இருக்கிறது.

லாரன்ஸ் வந்திருந்தார். மெழுகுவத்தி கொண்டுவந்திருந்தார். யார் பெயருக்கு என்று நான் கேட்கவில்லை, அவருக்கும் தெரியாது போல. காற்றில் அணைந்துகொண்டே இருந்தது. விஜயராகவன் அப்பாவின் பெயரை வாய்விட்டு ஒரு முறை சொன்னார். சட்டையை என்னிடம் கொடுத்துவிடட்டுமா என்றார். வேண்டாம், உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும் என்றேன்.

தலையணை உறை என்னிடம் இருக்கிறது.

நான் உங்களை மன்னிக்கவில்லை. அதை எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அப்பா உங்களைத் திருப்பி அடிக்காததையும் மன்னிக்க முடியவில்லை. அன்றைக்கு லாரன்ஸ் உங்களை அடித்தபோது முதல் அடிக்குச் சந்தோஷப்பட்டேன். இரண்டாவதுக்கு இரண்டடி நகர்ந்தேன். மூன்றாவதுக்கு என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. அதற்குள் அவர் விழுந்துவிட்டார்.

வெள்ளைக் கோடியை எரிக்க வேண்டாம். எனக்கு வேண்டும்.

அன்புக்கரசி


இந்தக் கடிதத்தை அவள் தபாலில் சேர்க்கவில்லை. பனகல் பார்க் பக்கம் ஒரு கடையில் நகவெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு வண்ணாந்துறைக்குப் பஸ் ஏறினாள். அவர் படியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, ஐந்து விரலுக்கும் நகம் வெட்டினாள். கடிதத்தை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, வெள்ளைக் கோடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பினாள்.